கோசராவின் சூசெத்தும் ஓக்னியெனின் ஆட்சேபமும்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்த வேகத்தில் போய்விடும் என்று சொல்ல ஆசைதான், ஆனால் பொய் சொல்லக்கூடாது. சோம்போரில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் யாராவது லிஃப்ட் கதவைச் சாத்தாமல் போனால், பொழுது சாயும்வரை அவர்கள் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டிக்கொண்டிருப்பேன். இப்படிப்பட்டவளைத் தேடிப் பிடித்துத்தான் லாஸ்தாக்காரர்கள் உலகத்திலேயே பொறுமை அதிகம் வேண்டிய வேலையைக் கொடுத்தார்கள்.

லாஸ்தா ஒரு கணினி நிரல்மொழி. தகைவிலான் குருவிக்கு எங்கள் பாஷையில் அந்தப் பேர். கம்பெனி கிம்பெனி எதுவும் பின்னால் கிடையாது. அவரவர் பிழைப்பைப் பார்த்துவிட்டு மிச்ச நேரத்தில் நாங்கள் சேர்ந்து கட்டுகிற மொழி. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம். பெரும்பாலோர் இரண்டாவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

மொழியோடு கூடவே ஒரு சாமான் பெட்டி வரும். நூலகம் என்று மரியாதையாகச் சொல்வோம். புதுச் சாமான் ஒன்று அதில் சேர வேண்டுமென்றால் முதலில் 'சோதனையில்' என்ற முத்திரையோடுதான் உள்ளே வரும். இஷ்டமிருந்தால் பயன்படுத்து, நாளைக்கு மாறிப்போனால் எங்களிடம் வந்து அழாதே என்று அர்த்தம். எல்லோரும் அதை உருட்டிப் புரட்டிப் பார்த்துக் குறை தீர்ந்த பிறகு முத்திரையை எடுப்போம். அதுதான் நிலைப்படுத்துவது. எடுத்தது எடுத்ததுதான், அப்புறம் எந்தக் கொம்பன் வந்தாலும் மாற்ற முடியாது. ஊர்ப்பட்ட ஜனம் அதை நம்பி வீடு கட்டியிருக்கும். அஸ்திவாரத்தில் கை வைத்தால் சும்மா விடுவார்களா?

ஒவ்வொரு புதுச் சாமானுக்கும் இணையத்தில் ஒரு கண்காணிப்புப் பக்கம் உண்டு. என்ன முடிந்தது, எந்தக் கேள்வி தொங்குகிறது, யார் பதில் சொல்லாமல் டிமிக்கி கொடுக்கிறார்கள், எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பக்கங்களையெல்லாம் மேய்ப்பதுதான் என் வேலை. குழுவில் ஒருவர் 'ஆட்சேபம்' என்று எழுதிவிட்டால் போதும், காவலாள் என்று நாங்கள் பேர் வைத்திருக்கும் தானியங்கி அந்தச் சாமானை அங்கேயே நிறுத்திவிடும். எழுதினவரே வந்து எடுத்தால்தான் வழி விடும். வேறு யார் சொன்னாலும் கேட்காது. நான் திட்டியும் பார்த்திருக்கிறேன்.

என் மேய்ச்சலில் வருஷக்கணக்காக நகராமல் படுத்துக்கிடந்த மாடு ஒன்று உண்டு. அதுதான் கோசராவின் சூசெத்.

சூசெத் என்றால் பக்கத்து வீட்டுக்காரர். அது செய்கிற காரியமும் அவ்வளவுதான். ஒரு வரிசையைக் கொடுத்தால் அடுத்தடுத்து இருப்பவர்களை ஜோடி ஜோடியாகக் கொடுக்கும். முதலாமவரும் இரண்டாமவரும், இரண்டாமவரும் மூன்றாமவரும் என்று. கோசரா, நோவி சாத்தில் பஸ் நேர அட்டவணைக்கு நிரல் எழுதுகிறவள். நெட்டையாக, எந்நேரமும் எதையாவது கொறித்துக்கொண்டிருப்பாள். அவள் எழுதின சூசெத் எல்லோருக்கும் பிடித்திருந்தது, ஓக்னியெனைத் தவிர.

ஓக்னியென் பிரோத்தில் டயர் தொழிற்சாலை ஒன்றில் கணினி பார்க்கிறவன். தங்கமான பிள்ளை, ஆனால் பிடித்தால் உடும்புப் பிடி. சூசெத்தின் கண்காணிப்புப் பக்கத்தில் வந்து எழுதினான்: "ஆட்சேபம். கடைசி ஆளுக்கு அடுத்து யாரும் இல்லை. வரிசையில் ஒரே ஒரு ஆள் இருந்தால் சூசெத் எதையுமே கொடுப்பதில்லை. அந்த ஆள் சத்தமில்லாமல் காணாமல் போகிறார்."

கோசரா பதில் எழுதினாள்: "பக்கத்தில் யாருமே இல்லையென்றால் ஜோடி எங்கிருந்து வரும்? நான் என்ன கல்யாணத் தரகரா?"

"காலியிடத்தோடு ஜோடி சேர்த்துக் கொடு. ஆள் இருப்பதாவது தெரியும்."

"எல்லோருக்கும் காலியிடத்தைக் கட்டி அனுப்பினால் நிரல் எழுதுகிறவர்கள் என்னை உதைப்பார்கள்."

இப்படி ஆரம்பித்த சண்டை. முதலில் பக்கத்தில் சண்டை போட்டார்கள், அப்புறம் போனில், அப்புறம் பெல்கிரேடில் ஒரு காப்பிக் கடையில் நேருக்கு நேர் உட்கார்ந்து. கடைசியில் பார்த்தால் இரண்டும் காதலித்துக்கொண்டிருக்கிறது! எங்களுக்கெல்லாம் சிரிப்பாணி. ஆனால் ஆட்சேபம் மட்டும் அப்படியே நின்றது.

வருஷத்துக்கு ஒருமுறை லாஸ்தாக்காரர்கள் எல்லோரும் நேரில் கூடுவோம். போன வருஷக் கூட்டத்தில் நாலு பேர் முன்னிலையில், பிளம் ராக்கியாச் சாராயம் கொஞ்சம் உள்ளே போன தைரியத்தில், ஓக்னியென் அவளைக் கேட்டுவிட்டான்.

"கோசரா, என்னைக் கட்டிக்கிறியா?"

அவள் வாயிலிருந்த சூரியகாந்தி விதையைத் துப்பிவிட்டு, "நீ அந்த ஆட்சேபத்தை எடுக்கிற அன்னிக்கு தேதி குறிச்சிக்கலாம்" என்றாள்.

"நீ ஒத்தை ஆளைச் சேர்த்துக்கிற அன்னிக்கு எடுக்கிறேன்" என்றான் அவன்.

எல்லோரும் கை தட்டினோம், நானும்தான். விளையாட்டு என்று நினைத்தோம். இரண்டு பிடிவாதங்கள் மோதும்போது கை தட்டின எங்களைச் சொல்ல வேண்டும். வருஷம் ஒன்று போய்விட்டது. ஆட்சேபமும் எடுக்கப்படவில்லை, தேதியும் குறிக்கப்படவில்லை. கேலி செய்கிறவர்கள் கேலி செய்துகொண்டிருந்தார்கள். அதிலும் நிஷ் ஊர்க்காரன் ப்ளாகொயே இருக்கிறானே, அவனுக்கு நாக்கில் எலும்பே கிடையாது. "மாப்பிள்ளை தப்பிக்க நல்ல வழி கண்டுபிடிச்சிருக்கான்" என்று சூசெத் பக்கத்திலேயே எழுதி வைத்தான். நான் அழித்தேன். ஆனால் அழிப்பதற்குள் கோசரா படித்துவிட்டாள்.

மே மாதம் அவள் எனக்கு போன் செய்தாள். குரலில் வழக்கமான கொறிப்புச் சத்தம் இல்லை.

"அக்கா, இந்த வருஷக் கூட்டத்துல அவன் முகத்தைப் பார்த்துக் கேக்கப் போறேன். அதுவரைக்கும் பேசறதில்லைன்னு சொல்லிட்டேன்."

"என்னடி கேக்கப் போறே?"

"ஒரு சின்ன நிரல். அதைவிட நான் முக்கியமா இல்லையான்னு. எடுக்கலைன்னா விட்டுடறேன்க்கா. நீ பக்கத்தையும் மூடிடு. சூசெத்தும் வேண்டாம், அவனும் வேண்டாம்."

"பைத்தியமாடி நீ? அவன் சொல்றதுல ஏதாவது நியாயம் இருந்தா?"

"நியாயமா? யாரோ ஒத்தை ஆளுக்காக நாலு வருஷமா என்னைக் காக்க வைக்கிறான்!"

எனக்குப் பிரோத்துக்கே போய் அவன் காதைத் திருக வேண்டும் போலிருந்தது. இவள் கன்னத்திலும் ஒன்று வைக்க வேண்டும் போலிருந்தது. இரண்டு பேரும் எனக்குப் பிடித்தவர்கள், அதுதான் தொல்லை.

வழக்கமாக நோவி சாத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தில்தான் கூடுவோம். இந்த வருஷம் மழையில் கூரை ஒழுகி, கூடம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கோசராவின் அப்பா திஹோமிர், "நம்ம கார்லோவ்ட்ஸி தோட்டத்துக்கு வாங்க, திராட்சைக் கொடிக்குக் கீழே உக்காந்து சண்டை போடுங்க" என்றார். ஆனால் அவருக்குத் தோதான நாள் ஒரு வாரம் முன்னால் வந்தது. சரி என்று நாளையும் இடத்தையும் நான் மாற்றினேன். எல்லோருக்கும் சொல்லும் வேலையை கோசரா எடுத்துக்கொண்டாள்.

சும்மா சொல்வாளா? நிரல்காரிக்கு நேராக ஒரு கடுதாசி எழுதினால் கௌரவம் குறைந்துவிடுமே. ஊர் வாரியாக ஆட்களைப் பிரித்து, பக்கத்துப் பக்கத்து ஆட்களை ஜோடி சேர்த்து, "நாள் மாறியிருக்கிறது, இடம் இது, நீங்கள் இருவரும் பேசி ஒன்றாக வாருங்கள்" என்று அனுப்பும் குட்டி நிரல் ஒன்றை லாஸ்தாவில் எழுதினாள். ஜோடி சேர்க்க சூசெத். "என் சாமானை நானே நம்பலைன்னா எப்படிக்கா?" என்றாள். பெருமைதான், வேறென்ன.

அந்தச் சனிக்கிழமை பிரமாதமான வெயில். திஹோமிர் மாமா தோட்டத்தில் அடுப்பு மூட்டிக் கறி வாட்டிக்கொண்டிருந்தார். மேஜையில் கிபானிட்சா, பாலாடைக்கட்டியும் முட்டையும் அடுக்கடுக்காக வைத்துச் சுட்ட சூடான பலகாரம், வாசனை தெருமுனைவரை போயிருக்கும். நிஷ்காரர்கள் ஒரு காரில் வந்தார்கள், ஸ்ரெஞானின்காரர்கள் ஒரு வேனில் வந்தார்கள். ப்ளாகொயே இறங்கும்போதே, "எனக்கு ஒரே கடுதாசி ரெண்டு தடவை வந்துச்சு, ஒருவேளை என்மேல ரெட்டைப் பாசமோ?" என்றான். நடுவில் இருப்பவனுக்கு இரண்டு பக்கமும் ஜோடி உண்டு, இரண்டு வரத்தானே செய்யும்.

ஓக்னியென் மட்டும் வரவில்லை.

பத்து மணிக்கு வருவான் என்று பார்த்தோம். பதினொன்றுக்கு, பஸ் தாமதம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். சாப்பாட்டு நேரம் ஆனபோது சமாதானமும் தீர்ந்துபோயிற்று. கோசரா வாசல் பக்கமே பார்க்காமல் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பார்க்காமல் இருப்பதற்கு அவள் படுகிற பாடு எல்லோருக்கும் தெரிந்தது.

ப்ளாகொயே வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? "ஆட்சேபத்தைத்தான் எடுக்க மாட்டான்னு நெனச்சோம், ஆளே எடுபட்டுட்டானே!" என்றான்.

திஹோமிர் மாமா இடுக்கியை அவன் பக்கம் நீட்டி, "உன் வாயில இதை வைக்கட்டுமா?" என்றார். அவருக்கும் முகம் சுண்டிப்போயிருந்தது.

கோசரா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, பக்கத்தைத் திற."

"இருடி, சாப்பிடு முதல்ல."

"திற அக்கா. மூடிடு. கேக்கறதுக்கே வராதவன் கிட்ட என்ன கேக்க இருக்கு?" கண் தளும்பிவிட்டது அவளுக்கு. நாலு வருஷத்தில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மடிக்கணினியைத் திறந்தேன். சூசெத் பக்கம். மேலே முத்திரை, கீழே ஓக்னியெனின் பழைய ஆட்சேபம். மூடும் பொத்தான்மேல் விரலை வைத்தேன். வைத்ததும் எனக்கு வந்ததே கோபம்! மூடுகிறதென்றால் மூடலாம், ஆனால் அந்தத் தடியனை நாலு வார்த்தை கேட்காமல் மூடுவேனா? போனை எடுத்து எல்லோரும் கேட்க ஒலிபெருக்கியில் போட்டேன்.

"ஏன்டா, உனக்கு வெக்கம் மானம் எதுவும் கிடையாதா?"

"அக்கா? என்னாச்சு?" என்றான். பின்னால் கோழி கொக்கரிக்கும் சத்தம்.

"என்னாச்சா? இங்க ஒருத்தி உனக்காகக் காலைலேர்ந்து வாசலைப் பார்க்காம பார்த்துக்கிட்டிருக்கா, நீ அங்க கோழிக்குத் தீனி போடறியா?"

"கூட்டம் அடுத்த சனிக்கிழமைதானே? டிக்கெட்டெல்லாம் எடுத்து வச்சிருக்கேன். சட்டைகூடப் புதுசு வாங்கியிருக்கேன்க்கா."

"கூட்டம் இன்னிக்குடா! கார்லோவ்ட்ஸில! கடுதாசி வரலையா உனக்கு?"

"எந்தக் கடுதாசி?"

நான் கோசராவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். "எல்லாருக்கும் போச்சே..." என்று இழுத்தாள். அப்புறம் சட்டென்று என் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, அந்தக் குட்டி நிரலைத் திறந்தாள். நோவி சாத், பல பேர். நிஷ், நாலு பேர். பிரோத்தில் ஒரே ஒரு பேர்தான் இருந்தது, அதற்குப் பக்கத்தில் எதுவும் இல்லை.

ஒத்தை ஆள். சூசெத்துக்கு அவன் ஜோடியில்லாதவன். ஜோடியில்லை என்றால் கடுதாசி இல்லை. பிழை என்றுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை நிரல்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சோம்போரில் இருப்பது நான் ஒருத்திதான், எனக்கும் கடுதாசி வரவில்லை. நாளை மாற்றினதே நானாக இருந்ததால் வராததைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். பட்டியலை இன்னும் கீழே ஓட்டினாள். கிகிந்தாவில் ஒருவர், சோஃப்ரொனியே. எங்கள் விளக்கக் குறிப்புகளில் எழுத்துப்பிழை பார்த்துத் தருகிற மனுஷர், வாய் திறந்து ஒரு வார்த்தை அதிகம் பேசமாட்டார். அவர் வரவில்லை என்பதை அந்த நிமிஷம்வரை எங்களில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. அது எனக்குச் சுருக்கென்றது. ஓக்னியெனுக்காவது வாசலைப் பார்க்க ஒருத்தி இருந்தாள்.

ப்ளாகொயே எட்டிப் பார்த்தான், புரிந்துகொண்டான், மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அப்புறம் எல்லோருக்கும் பற்றிக்கொண்டது. திஹோமிர் மாமா ஒன்றும் புரியாமலே சிரித்தார். கோசரா மட்டும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்த்தால், இரண்டும்.

"கோசரா" என்றது போன். "சூசெத்தா அது?"

"ஆமா" என்றாள், கைக்குள்ளிருந்தே.

நான் சொன்னேனா இல்லையா என்று குதிப்பான் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் கூரைமேல் ஏறிக் கூவியிருப்பேன். அவன், "கறி மிச்சம் வை, கிளம்பிட்டேன். ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

கோசரா மடிக்கணினியை விடவில்லை. ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். நான் போய் போனில் சோஃப்ரொனியேயைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல, யாகொடா, பழக்கம்தான்" என்றார் அவர். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பி வந்து என் போனில் சூசெத் பக்கத்தைப் பார்த்தேன். அடியில் புதிதாக இரண்டு வரிகள், காவலாள் போட்டது. ஒன்றுக்கொன்று ஒரு நிமிஷம்கூட வித்தியாசமில்லை.

"ஓக்னியென் தம் ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றார்."

"கோசரா ஆட்சேபம் பதிவு செய்தார்: ஒற்றை ஆள் காணாமல் போகிறார். இதைச் சரிசெய்யாமல் நிலைப்படுத்தக்கூடாது."

நான் இரண்டு தடவை படித்தேன். நாலு வருஷமாகத் தான் சொன்னது சரிதான் என்று ஊர் முழுக்கத் தெரிந்த அடுத்த நொடி, அவன் அதை விட்டுக்கொடுத்திருக்கிறான். அதே நொடியில் இவள் தன் சாமானையே நிறுத்திவைத்திருக்கிறாள். சத்தம் போட்டு வாசித்தேன். எல்லோரும் எழுந்து வந்து என் போனை எட்டிப் பார்த்தார்கள். ப்ளாகொயேகூட.

அவன் வந்தபோது வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. யாரிடமோ இரவல் வாங்கின கார், மேலே புதுச் சட்டை. மடிப்புகூடக் கலையவில்லை, பெட்டியிலிருந்து எடுத்து நேரே மாட்டியிருக்கிறான். கோசரா வாசலில் நின்றாள், இந்தத் தடவை பார்த்துக்கொண்டே.

"ஏன்டா எடுத்தே?" என்றாள். "நீ சொன்னதுதான் சரின்னு ஆயிடுச்சே."

"சரின்னு ஆனதுக்கு அப்புறம் அது எனக்கு எதுக்கு? தப்பா எடுத்துக்காதே, நான் உன்னைத் தள்ளிப்போடலை. நிலையாயிட்டா அப்புறம் மாத்த முடியாதே, அதான் பயம். ஆனா நீ ஏன் போட்டே? இனிமே நீ எடுக்கிறவரைக்கும் காத்திருக்கணுமா நான்?"

"சூசெத் காத்திருக்கணும். நீ எதுக்குக் காத்திருக்கணும்?" என்றாள். "நான் என்ன சொன்னேன்? நீ உன் ஆட்சேபத்தை எடுக்கிற அன்னிக்கு தேதி குறிக்கலாம்னு. எடுத்துட்டே. இப்ப இருக்கிறது என்னோடது. அதுக்கும் கல்யாணத்துக்கும் சம்பந்தமே இல்ல."

அவனுக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. எங்களுக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை, நாங்கள் ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்தோம். திஹோமிர் மாமா, "தேதி! தேதி!" என்று இடுக்கியால் தட்டில் அடித்தார். செப்டம்பர் என்று குறித்தார்கள்.

கோடை முழுவதும் இரண்டு பேரும் சேர்ந்து சூசெத்தைத் திருத்தி எழுதினார்கள். கடைசி ஆளுக்கும் இப்போது ஒரு ஜோடி உண்டு: அவரும், பக்கத்தில் ஒரு காலியிடமும். வேண்டாதவர்கள் கண்டுகொள்ளாமல் போகலாம், ஆனால் ஆள் இருப்பது தெரியும். கோசரா தன் ஆட்சேபத்தை எடுத்தாள், குழுவில் எல்லோரும் சம்மதம் போட்டார்கள், கடைசியாகக் கருத்துச் சொல்ல எல்லோருக்கும் விட்ட நாட்களில் ப்ளாகொயேகூட ஒன்றும் கிறுக்கவில்லை. பக்கத்தை மூடுவதுதான் பாக்கி. நான் வேண்டுமென்றே மூடாமல் வைத்திருந்தேன்.

கல்யாண அழைப்பும் அதே நிரலில்தான் வந்தது. எனக்கு வந்ததில் இப்படி இருந்தது: "சோம்போர். யாகொடா. பக்கத்தில்: காலி." அதைப் பார்த்ததும் எனக்குச் சுள்ளென்றுதான் வந்தது. வாஸ்தவம்தான், நான் தனிக்கட்டை. வருஷக்கணக்காகத் தனியாகத்தான் போகிறேன், வருகிறேன். அதை இப்படிக் கொட்டை எழுத்தில் போட்டு அனுப்ப வேண்டுமா? கோசராவைக் கூப்பிட்டுக் கிழிக்கலாம் என்று போனை எடுத்தேன். அப்போதுதான் கீழே இன்னொரு வரி இருப்பது கண்ணில் பட்டது.

"காலியிடத்துக்கு மாப்பிள்ளை வருவார். காலையில் தயாராக இருக்கவும்."

விளையாட்டுக்கு எழுதியிருப்பார்கள் என்று நினைத்தேன். கல்யாணத்தன்று காலை என் கட்டடத்துக்குக் கீழே ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தேன். பூ கட்டின கார். பக்கத்தில் கோட்டும் சூட்டுமாக ஓக்னியென், பெண் வீட்டுக்குப் போக வேண்டிய மாப்பிள்ளை, சோம்போர் தெருவில் நின்று என் ஜன்னலைப் பார்த்துக் கை ஆட்டுகிறான். பின் சீட்டில் சோஃப்ரொனியே, மடியில் கேக் பெட்டியைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன்டா மடையா, பொண்ணு அங்க காத்துக்கிட்டிருப்பாளே!" என்று மேலேயிருந்தே கத்தினேன்.

"அவதான்க்கா அனுப்பிச்சா!" என்று அவனும் கத்தினான். "ஒத்தை ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வராம வாசப்படி ஏறாதேன்னுட்டா! சீக்கிரம் இறங்குங்க!"

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினேன். லிஃப்ட் கதவைச் சாத்தினேனா என்று ஞாபகம் இல்லை. முன் சீட்டில் உட்கார்ந்ததும் மூக்கை உறிஞ்சினேன். சளி என்று சொன்னேன். சோஃப்ரொனியே பின்னாலிருந்து கைக்குட்டையை நீட்டினார். கார் ஊரைத் தாண்டியதும் போனை எடுத்து, சூசெத் பக்கத்தைத் திறந்து, 'நிலைப்படுத்தப்பட்டது' என்று எழுதி மூடினேன்.